ஒளியற்றது எனப் பெயர் பெற்ற பூ: அந்தமானில் இறங்கிய ஒரு தாவரவியலாளரும் நிழற்செடிகளின் பெயர்களும்

நிழல் விழும் தோட்டங்களைப் பேணுவோர் விரும்பி வளர்க்கும் செடிகளுள் ஆஸ்டில்பி முதன்மையான ஒன்று. மரத்தடியில், ஈரம் வற்றாத மண்ணில், பெரணியை நினைவூட்டும் பிளவுபட்ட இலைகளுக்கு மேலே வெண்மை, இளஞ்சிவப்பு, கருஞ்சிவப்பு நிறங்களில் இறகுபோன்ற பூங்கொத்துகளை அது உயர்த்துகிறது. ஆனால் அதன் பெயருக்குப் பொருள் 'ஒளியற்றது' என்பதாகும். கிரேக்கத்தில் 'ஸ்டில்பே' என்றால் மினுக்கம். முன்னொட்டாகிய 'அ' இன்மையைக் குறிக்கும். வடமொழி வழியாகத் தமிழுக்கு வந்த 'அநீதி', 'அஞ்ஞானம்' போன்ற சொற்களில் உள்ள 'அ'வும் இதுவும் ஒரே இந்தோ-ஐரோப்பிய மூலத்தைச் சேர்ந்தவை.

இப்பெயரை உருவாக்கியவர் பிரான்சிஸ் புக்கானன். பிற்காலத்தில் ஹாமில்டன் என்ற பெயரை ஏற்றவர். இச்செடியை அவருக்கு அறிமுகம் செய்தது நேபாளம். ஆனால் நேபாளத்துக்குச் செல்வதற்கு ஏழாண்டுகள் முன்பே, 1795இல், அவர் அந்தமானில் இறங்கித் தாவரங்களைத் திரட்டியிருந்தார். அந்தமான், பர்மா, கொங்கு நாடு, நேபாளம், வங்கம் ஆகிய இடங்களில் அவர் பெயர்களைக் கையாண்ட முறைகளை அருகருகே வைத்துப் பார்த்தால், ஒரு செடிக்கோ மீனுக்கோ எப்பெயர் நிலைக்கிறது என்பதை உயிரியல் மட்டும் தீர்மானிப்பதில்லை என்பது விளங்கும். அவ்விடத்தில் யாரிடம் கேட்க முடிந்தது, கேட்டதை எழுதத் தக்கதாக எந்த மரபு கருதியது என்ற இரு கேள்விகளும் அதில் அடங்கியுள்ளன.

புக்கானன் 1762இல் ஸ்காட்லாந்தில் பிறந்தவர். எடின்பரோவில் மருத்துவம் பயின்று 1783இல் பட்டம் பெற்றார். அங்கேயே ஜான் ஹோப்பிடம் தாவரவியல் கற்றார். 1794இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் வங்காள மருத்துவப் பணியில் சேர்ந்தார். அடுத்த ஆண்டு மைக்கேல் சைம்ஸ் தலைமையில் ஆவா அரசவைக்குச் சென்ற தூதுக்குழுவில் மருத்துவராக இடம்பெற்றார். 'சீ ஹார்ஸ்' என்னும் கப்பல் கல்கத்தாவிலிருந்து புறப்பட்டு, ரங்கூனை அடையும் முன் அந்தமானில் போர்ட் கார்ன்வாலிஸ் துறைமுகத்தில் நங்கூரமிட்டது.

அந்தத் துறைமுகத்தின் பெயருக்கே ஒரு வரலாறு உண்டு. 1789இல் ஆர்ச்சிபால்ட் பிளேர் தென் அந்தமானில், சாத்தம் தீவை மையமாகக் கொண்டு, முதற் குடியேற்றத்தை நிறுவியபோது அவ்விடத்துக்குத்தான் போர்ட் கார்ன்வாலிஸ் என்று பெயர். 1792இல் குடியேற்றம் வட அந்தமானின் கிழக்குக் கரைக்கு மாற்றப்பட்டது. பெயரும் கூடவே சென்றது. வடக்குக் குடியேற்றம் நோயால் நலிந்து 1796இல் கைவிடப்பட்டது. கைதிகள் பினாங்குக்கு அனுப்பப்பட்டனர். 1858இல் தண்டனைக் குடியேற்றம் மீண்டும் தெற்கே தொடங்கியபோது பழைய துறைமுகம் போர்ட் பிளேர் ஆயிற்று. 2024இல் அது ஸ்ரீ விஜய புரம் எனப் பெயர் மாற்றப்பட்டது. இப்பெயர்களுள் எதுவும் தீவின் தொல்குடிகளின் மொழியிலிருந்து எடுக்கப்பட்டதன்று.

1795இல் அத்தீவின் மக்களோடு குடியேற்றத்துக்கு இருந்த தொடர்பு எத்தகையது என்பதை சைம்ஸ் 1800இல் வெளியிட்ட தூதுப் பயண நூலில் வரும் ஒரு நிகழ்ச்சி காட்டுகிறது. மீனைக் காட்டி ஈர்க்கப்பட்ட இரு இளம்பெண்கள் பிடிக்கப்பட்டுத் துறைமுகத்தில் நின்ற ஒரு கப்பலில் வைக்கப்பட்டனர். ஒருத்தி உறங்கும்போது மற்றவள் விழித்துக் காவலிருந்தாள். அணிவிக்கப்பட்ட ஆடைகளைக் களைந்து எறிந்தனர். அச்சம் சற்றுத் தணிந்ததும் தாராளமாகப் பேசினர், பாடினர், தளத்தில் ஆடினர் என்கிறது நூல். பின்னர் ஓர் இரவில், எல்லோரும் உறங்கும் வேளையில், கப்பலின் பின்புறச் சாளரம் வழியாகக் கடலில் குதித்து நீந்தித் தப்பினர்.

மொழியியல் கற்போர் இப்பகுதியில் நின்று சிந்திக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. அப்பெண்கள் பேசினார்கள் என்பது பதிவாகியிருக்கிறது. என்ன பேசினார்கள் என்பது பதிவாகவில்லை. அவர்களின் பாட்டு சில வேளை சோகமாகவும் சில வேளை துள்ளலாகவும் ஒலித்தது என்று ஓசை குறிக்கப்படுகிறது; ஒரு சொல்லும் குறிக்கப்படவில்லை. அவர்களின் பெயர்களும் இல்லை. சைம்ஸின் நூல் தீவு மக்களை மனித நாகரிகத்தின் அடித்தட்டில் வைத்துப் பேசுவது. அந்தப் பார்வைக்கு அவர்களுடைய பேச்சு மொழியாகத் தோன்றவில்லை, சலசலப்பாகவே தோன்றியது.

அக்காலத்தில் அந்தமானிய மொழிக்கு அச்சில் இருந்த சான்று ராபர்ட் ஹைட் கோல்புரூக் தொகுத்த சிறு சொற்பட்டியல். ஆசியாட்டிக் ரிசர்ச்சஸ் இதழின் நான்காம் தொகுதியில் அவருடைய அந்தமான் கட்டுரையோடு அது வெளியானது. அதில் உள்ள சொற்கள் ஜாரவா மொழியைச் சேர்ந்தவை எனப் பின்வந்தோர் இனங்கண்டனர். அப்பட்டியலில் தீவுக்கு, அதாவது தாய்நாட்டுக்கு, உரிய சொல்லாக 'மின்கோப்பி' என்பது தரப்பட்டிருந்தது. அச்சொல் ஐரோப்பிய நூல்களில் பல்லாண்டுகள் அந்தமானியர் அனைவருக்கும் இனப்பெயராக வழங்கியது. பின்னர் தீவுகளில் வாழ்ந்து மொழிகளைக் கற்றவர்கள், அப்பெயரால் தம்மை அழைத்துக்கொண்ட எவரையும் காணவில்லை. பொதுமொழி இல்லாத இடத்தில் விரலால் சுட்டிக் கேட்ட கேள்விக்குக் கிடைத்த ஏதோ ஒரு விடை நூற்றாண்டு முழுதும் ஒரு மக்களின் பெயராக உலவியது.

அதே பயணத்தின் அடுத்த கட்டத்தில் புக்கானனின் வேறொரு முகம் தெரிகிறது. ஆவா அரசின் தலைநகராகிய அமரபுரத்தில் பல மொழியினர் கூடியிருந்தனர், மொழிபெயர்ப்பாளர்களும் கிடைத்தனர். அங்கே அவர் சொற்களைக் கேட்டுக் கேட்டு எழுதினார். பர்மிய அரசில் வழங்கும் சில மொழிகளின் ஒப்பீட்டுச் சொற்பட்டியல் 1799இல் ஆசியாட்டிக் ரிசர்ச்சஸ் ஐந்தாம் தொகுதியில் வெளியாயிற்று. அக்கட்டுரையின் சிறப்பு, ஒரு மக்கள் தம்மை என்ன சொல்லி அழைத்துக்கொள்கிறார்கள், அண்டையார் அவர்களை என்ன சொல்லி அழைக்கிறார்கள் என்று பிரித்துக் காட்டியது. இன்று தன்பெயர், பிறர் இட்ட பெயர் என மொழியியலார் பிரிக்கும் பிரிவினை அங்கே நடைமுறையில் உள்ளது. அரக்கான் பகுதி மக்களின் தன்பெயர்களை ஆராய்வோர் இன்றும் அக்கட்டுரையைத் தேடிச் செல்வது இதனால்தான். ஆக, அந்தமானில் வெறுமையாக நின்ற அதே செவி, சில மாதங்களுக்குப் பின் கேட்பதற்கு ஆள் கிடைத்ததும் நுட்பமாக வேலை செய்திருக்கிறது.

1800இல் சென்னையிலிருந்து தொடங்கிய மைசூர்ப் பயணத்தில் இப்பழக்கம் மேலும் விரிந்தது. 1807இல் மூன்று தொகுதிகளாக வெளியான அப்பயண நூலில் கொங்கு நாட்டு வேளாண்மை, நெசவு, இரும்பு உருக்குதல், நீர்ப்பாசனம் ஆகியவை அந்தந்த ஊர்ச் சொற்களோடு பதிவாகியுள்ளன. கோயம்புத்தூர் வட்டாரத்தின் 19ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தை எழுதும் எவரும் அதைத் தவிர்க்க இயலாது. உழவரிடமும் வணிகரிடமும் வினவி விடை பெறும் முறையே அந்நூலின் முதுகெலும்பு. கம்பெனி புதிதாகக் கைப்பற்றிய நிலத்தின் வருவாயை அறிவதே அவ்வினவலின் நோக்கம் என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்லவேண்டும்.

மீன்களின் வகையில் அவர் இன்னும் ஒரு படி முன்னே சென்றார். கங்கை ஆற்று மீன்களைப் பற்றி 1822இல் வெளியிட்ட நூலில், வங்காள மீனவர்களும் சந்தை மக்களும் வழங்கிய பெயர்களையே அறிவியல் பெயர்களின் பகுதியாக ஆக்கினார். தமிழ்நாட்டு மீன் கடைகளில் இன்று ரோகு எனவும் கட்லா எனவும் விற்கப்படும் மீன்களின் அறிவியல் பெயர்களில் 'ரோஹிதா', 'கட்லா' என்ற சொற்கள் இருப்பது அவரால். இலிசா, மிர்காலா ஆகியனவும் அவ்வாறே. உலகெங்கும் மரபணு ஆய்வுக்கூடங்களில் வளர்க்கப்படும் வரிக்குதிரை மீனின் சிற்றினப் பெயராகிய 'ரெரியோ' அவர் இட்டது. வங்கக் கரையின் பேச்சுச் சொற்கள் இலத்தீன் நூல்களில் நிலைபெற்றதற்கு இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு அரிது.

இவ்வளவும் தெரிந்தபின் ஆஸ்டில்பிக்குத் திரும்பினால் அதன் கிரேக்கப் பெயர் சற்று வியப்பூட்டும். 1802இல் கேப்டன் நாக்ஸ் தலைமையிலான தூதுக்குழுவோடு புக்கானன் நேபாளம் சென்று, 1803 வரை காத்மாண்டுப் பள்ளத்தாக்கில் தங்கித் தாவரங்களைத் திரட்டினார். அங்கும் உள்ளூர்ப் பெயர்களை அவர் கேட்காமல் இல்லை. 1819இல் வெளியான நேபாள நூலில் 'பிக்' எனப்படும் நச்சுக்கிழங்கு வகைகளை நாட்டு மக்கள் எவ்வாறு பிரித்துப் பெயரிட்டனர் என்பதை விளக்கியுள்ளார். ஆயினும் ஓடைக்கரையில் ஆளுயரம் வளர்ந்து நின்ற அச்செடிக்கு அவர் ஆக்கிய பெயர் கிரேக்கமும் இலத்தீனும் கலந்த ஆஸ்டில்பி ரிவுலாரிஸ்: ஓடைகளில் வாழும் ஒளியற்றது. அவருடைய குறிப்புகளையும் மாதிரிகளையும் கொண்டு டேவிட் டான் 1825இல் நேபாளத் தாவரங்களின் முன்னோடி நூலை வெளியிட்டபோது அப்பெயர் அச்சேறியது. அதனால்தான் இன்றும் அச்செடியின் பெயருக்குப் பின்னால் இருவர் பெயர்களும் 'எக்ஸ்' என்ற இணைப்போடு எழுதப்படுகின்றன. முதலாமவர் பெயரை ஆக்கியவர், இரண்டாமவர் வெளியிட்டவர்.

பெயரின் காரணம் செடியின் உடலிலேயே உள்ளது. ஆஸ்டில்பி ரிவுலாரிஸின் தனிப்பூவில் பெரும்பாலும் இதழ்களே இல்லை. பசுமஞ்சளான சிறு புல்லிகளும் மகரந்தத் தாள்களுமே உண்டு. உருப்பெருக்கிக்கடியில் ஒரு பூவைப் பிரித்து வைத்துப் பார்க்கும் தாவரவியலாளருக்கு அது மங்கலான ஒன்றே. லின்னேயஸின் முறையில் மகரந்தத் தாள்களையும் சூலகத்தையும் எண்ணி வகைப்படுத்துவதற்குத் தனிப்பூவே அடிப்படை. மேலும், பேரினப் பெயர்கள் கிரேக்க அல்லது இலத்தீன் வேர்களிலிருந்தே வரவேண்டும், பிறமொழிப் பெயர்கள் விலக்கத்தக்கன என்று 1751ஆம் ஆண்டின் பிலாசபியா பொட்டானிகாவில் லின்னேயஸ் விதித்திருந்தார். விதிவிலக்குகள் உண்டு எனினும் தாவரவியலில் அவ்விதியின் செல்வாக்கு வலுவாக இருந்தது. எனவே நேபாளத்தில் உள்ளூர்ப் பெயர் நூலேறாமைக்குக் காரணம் கேட்க ஆளில்லாமை என்று சொல்ல முடியாது. பேரினத்தின் வாயிலில் மரபு நின்றுகொண்டிருந்தது.

அச்செடியோடு வாழ்ந்தவர்கள் அதை வேறு கண்ணால் பார்த்தனர். நேபாளி பேசுவோரிடையே அதற்கு 'தூலோ ஓகதி', 'பூடோ ஓகதி' என்ற பெயர்கள் வழங்குகின்றன. முன்னது பெருமருந்து, பின்னது முதுமருந்து. நேபாளம், சிக்கிம், டார்ஜிலிங் பகுதிகளில் அதன் வேர்த்தண்டு மகப்பேற்றுக்குப் பின் தாய்மார்க்குக் கொடுக்கப்படும் மருந்தாகப் பயன்பட்டு வருகிறது. 'ஓகதி' என்னும் சொல் வடமொழி 'ஔஷதி'யோடு உறவுடையது. தமிழின் 'ஔடதம்' அதே குடும்பம். நூலின் பெயர் பூவைப் பார்த்தது, மலையின் பெயர் வேரைப் பார்த்தது. இரண்டும் கவனித்துப் பெற்ற அறிவே.

தோட்டக்காரர்களின் பார்வை மூன்றாவது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிரான்சின் நான்சி நகரில் எமில் லெமுவானும், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் ஜெர்மனியின் ரோன்ஸ்டார்ஃபில் கேயார்க் ஆரெண்ட்ஸும் சீன, ஜப்பானிய ஆஸ்டில்பி இனங்களைக் கலந்து புதிய வகைகளை உருவாக்கினர். ஆரெண்ட்ஸின் செந்நிற வகை ஒன்றுக்கு 1933இல் 'ஃபனால்' என்று பெயர் வந்தது. ஜெர்மன் மொழியில் அதற்குக் கலங்கரைத் தீ, அடையாள நெருப்பு என்று பொருள். ஒளியற்றது என்னும் பேரினத்துக்குள் ஒரு தீப்பந்தம் ஏறியது. இதில் முரண் ஏதுமில்லை. தனிப்பூவில் இல்லாத ஒளி, ஆயிரக்கணக்கான பூக்கள் கூடிய கொத்தில், அதுவும் நிழலின் கருமைக்கு எதிரே வைக்கும்போது, தோன்றுகிறது. வெயிலில் வெளிறிப்போகும் நிறம் அரைநிழலில் தங்குகிறது. நட்டவர் அறிந்த இவ்வுண்மை மேசையில் வைத்துப் பிரித்தவருக்குப் புலப்பட வாய்ப்பில்லை.

வளர்ப்பு முறையும் இச்செடியின் தாயகத்தை நினைவூட்டுவது. காலையிளவெயிலும் பிற்பகல் நிழலும், இலைமட்கு நிறைந்த மண்ணும், கோடையிலும் வற்றாத ஈரமும் அதற்கு வேண்டும். ஒருமுறை மண் காய்ந்தாலும் இலைவிளிம்புகள் கருகிவிடும். மூன்று நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை வேர்த்தண்டைப் பிரித்து நடுவது வழக்கம். காய்ந்த கொத்துகளைக் குளிர்காலத்தில் வெட்டாமல் விட்டு, அவற்றில் உறைபனி படிவதைக் காண்பதும் வளர்ப்போரின் இன்பங்களுள் ஒன்று. எல்லாவற்றுக்கும் மேலாக, செடி உறங்குவதற்கு ஒரு குளிர்காலம் வேண்டும்.

அந்தமானில் இல்லாதது அந்தக் குளிர் ஒன்றே. ஆண்டுக்கு ஏறத்தாழ 3000 மில்லிமீட்டர் மழையும், குர்ஜன் மரங்களின் உயர்ந்த விதானத்தின் கீழ் பகலிலும் இருளும், மட்கிய இலைப்படுகையும் அங்கே உண்டு. ஆனால் தீவுகளின் மிக உயர்ந்த சிகரமான சேடில் பீக் 732 மீட்டர்தான். வெப்பமண்டலத்தில் ஆஸ்டில்பி வாழவேண்டுமாயின் பிலிப்பைன்ஸில் போல உயர்மலைகள் வேண்டும். ஆகவே அந்தமானின் நிழல் வேறு செடிகளுக்குரியது: பெரணிகள், பிரம்புகள், இஞ்சிக் குடும்பத்தன, பிகோனியா அந்தமென்சிஸ் போன்ற தரைச்செடிகள், விசிறிப்பனைகள்.

இவற்றுள் ஒரு விசிறிப்பனை புக்கானனின் பெயரையும் தாங்கி நிற்கிறது. லிக்குவாலா பெல்டாடா என்னும் அச்சிறுபனை காட்டின் அடித்தளத்தில், பெருமரங்களின் நிழலில் வளர்வது. வெப்பமண்டல நிழல் தோட்டங்களில் இன்று அழகுக்காக நடப்படுவது. ராக்ஸ்பர்க் ஆக்கிய அப்பெயரைப் புக்கானன் 1820களில் எடின்பரோவின் வெர்னேரியன் சங்க வெளியீட்டில் அச்சேற்றினார். 'லிக்குவாலா' என்னும் பேரினப் பெயர் கிழக்கிந்தியத் தீவுகளின் வட்டார வழக்கிலிருந்து வந்தது. லின்னேய விதியைத் தாண்டி நுழைந்த சொற்களுள் ஒன்று. 'பெல்டாடா' என்பது இலத்தீன்: கேடயம் போன்றது. இலையின் நடுவில் காம்பு பொருந்துவதால் அப்பெயர். வடகிழக்கு இந்தியா முதல் மலாய் வரை பரவிய அப்பனைக்கு அந்தமான் மக்களும் பெயர் வைத்திருந்தார்கள். அதன் இலை அவர்களுக்கு அன்றாடப் பொருள். ஆனால் 1795இல் போர்ட் கார்ன்வாலிஸின் கரையில் அப்பெயரைக் கேட்டு எழுதும் நிலை இல்லை.

அப்பெயர்கள் எழுதப்பட 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. எட்வர்ட் ஹொரேஸ் மேன் 1883இல் நூலாக வெளியிட்ட அந்தமானியர் பற்றிய ஆய்வில், தென் அந்தமானின் அக்கா-பேயா மொழியில் வழங்கிய தாவரப் பெயர்கள் தாவரவியல் பெயர்களோடு பட்டியலிடப்பட்டன. அதற்குள் குடியேற்றம் கொண்டுவந்த நோய்கள் அம்மக்களைச் சூறையாடியிருந்தன. 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அக்கா-பேயா பேசுவோர் எவரும் எஞ்சவில்லை. எழுதப்பட்ட பெயர்கள் உள்ளன. அவற்றை உச்சரிப்போர் இல்லை. போ மொழியின் கடைசிப் பேச்சாளராகிய போவா சீனியர் 2010 ஜனவரியில் மறைந்தார். அவரிடமும் பிற முதியோரிடமும் மொழி கற்ற அன்விதா அப்பி, கிரேட் அந்தமானிய அகராதி ஒன்றை உருவாக்கியதோடு, சதீஷ் பாண்டேயுடன் இணைந்து அம்மொழியின் பறவைப் பெயர்களையும் 2011இல் நூலாக்கினார். ஒரு பறவைக்கு ஏன் அப்பெயர் என்பதற்கு அங்கே ஒரு கதையும் உறவுமுறையும் உண்டு என்பதை அந்நூல் காட்டியது. அதே ஆழம் தாவரப் பெயர்களிலும் இருந்திருக்க வேண்டும் என்று கருத இடமுண்டு. மேனின் பட்டியலோ பெரும்பாலும் இரு நிரல்களோடு நின்றுவிடுகிறது.

கப்பல்வழி வந்தோரின் செவியில் தீவுப் பெயர்கள் தேய்ந்து நுழைவது ஐரோப்பியர் காலத்தில் தொடங்கியதன்று. முதலாம் இராசேந்திரனின் மெய்க்கீர்த்தி நிக்கோபாரை மாநக்கவாரம் என்று குறித்து, தேன் மிகுந்த சோலைகளை உடையதாக வருணிக்கிறது. அங்கும் சோலைகள் உண்டு, அச்சோலைகளின் மரங்களுக்கு நிக்கோபாரியர் இட்ட பெயர்கள் இல்லை.

புக்கானனைக் குற்றவாளியாகவோ விதிவிலக்கான நல்லவராகவோ நிறுத்துவது எளிது. இரண்டும் சான்றுகளுக்குப் பொருந்தா. ஒரே மனிதர் வங்கத்தில் மீனவர் சொல்லை அறிவியலுக்குள் கொண்டுவந்தார், அமரபுரத்தில் மக்களின் தன்பெயரைக் கேட்டு எழுதினார், நேபாளத்தில் மரபுக்கு இணங்கிக் கிரேக்கப் பெயர் ஆக்கினார், அந்தமானில் மாதிரிகளை மட்டும் எடுத்துக்கொண்டு கப்பலேறினார். பெயர்களில் தெரியும் வேறுபாடு அவருடைய மனப்பாங்கைவிட, அவ்வவ்விடத்தில் மொழிபெயர்ப்பாளரும் சந்தையும் அமைதியும் இருந்தனவா என்பதைப் பொறுத்தது. அந்தமான் கரையில் அவை இல்லாமற்போனதற்குக் காரணம் தீவு மக்களின் மௌனம் என்று சொல்ல முடியாது. கப்பலில் வைக்கப்பட்டிருந்த அவ்விரு பெண்களும் வாரக்கணக்கில் பேசினார்கள் என்று சைம்ஸே எழுதியிருக்கிறார்.